நண்டு கிழித்த கோடு

அந்தக் காலத்தில், பிராணிகள் பேசித் திரிந்த நாளில், விதி என்றால் ஒரு கோல். விதியை ஆங்கிலத்தில் ‘ரூல்’ என்கிறோம். அச்சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் நேரான கோல் என்பதே பொருள். கழிமுகத்து மணலில், ஆலடிப் பாறைக்கும் தாழம்புதருக்கும் இடையே, அப்படியொரு நெடிய மூங்கில் கோல் கிடந்தது. இப்பால் நண்டுகள், அப்பால் கொக்குகள். கோலைத் தாண்டிய நண்டு கொக்குக்கு இரை, தாண்டாததைத் தொடக்கூடாது. அதற்குக் காவலாக இருந்த செங்காலன் என்னும் நண்டும் அன்று எல்லாரையும் போல முன்னோக்கியே நடந்தான்.

ஒரு வெள்ளம் வந்து கோலை அடித்துக்கொண்டு போயிற்று. கொக்குத் தலைவர் நெடுங்கழுத்தர், கோல் போனபின் விதி ஏது, இனிக் கரை முழுதும் எங்கள் பந்தி என்றார். செங்காலன் மன்றாடினான், பாறையிலிருந்து புதர்வரை கோடு கிழித்துத் தருவதாகச் சொன்னான். அவர் இசைந்தார். ஆனால் மயிரிழை கோணினாலும் கோடு செல்லாது.

காலை ஊன்றி இழுத்தபடி செங்காலன் நடந்தான். கோடு முதுகுக்குப் பின்னால் விழுந்ததால், அது பாம்பு ஊர்ந்த தடமாய் நெளிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

“ஓய் காவல்காரரே, காலையிலேயே கள்ளா?” என்றது ஓர் இளங்கொக்கு. கரையே சிரித்தது.

அவன் கோட்டை அழித்தான். சற்று யோசித்தான். பிறகு உடம்பைக் குறுக்கே திருப்பி, ஒரு கண்ணைத் தாழம்புதரிலும் மறுகண்ணைக் கிழித்த கோட்டிலும் நிறுத்திப் பக்கவாட்டில் நகர்ந்தான். கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது.

பாதி தூரத்தில் அவன் மனைவி மணலி மறித்தாள். வெள்ளத்துக்குப்பின் அவள் தோண்டிய புதுப் பொந்து, நேரே போனால் அப்பால் விழும்.

“என்னங்க, ஒரு விரல்கடை ஒதுங்கிப் போனால் யார் அளக்கப் போகிறார்கள்?”

“அவர் அளப்பார், மணலி. அவருக்கு முன்னால் நான் அளப்பேன்.”

பொந்து அப்பால் விழ, அவன் நேரே சென்றான்.

நெடுங்கழுத்தர் அலகைத் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணால் கோட்டை முழுதும் பார்த்தார். பொந்தையும் பார்த்தார். பிறகு தம் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அப்பால் நடந்தார்.

நண்டுகள் கொடுக்கு உயர்த்திக் கூத்தாடின. மணலி முணுமுணுத்துக்கொண்டே இப்பால் வேறு பொந்து தோண்டினாள். ஆட்டம் முற்றியதும் அவளும் வந்து சேர்ந்தாள். ஆடியவர்கள் எல்லாரும் செங்காலனைப் போலவே ஒரு கண் முன்னும் ஒரு கண் பின்னுமாய்ப் பக்கவாட்டில் அடிவைத்தார்கள்.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது.