நரி சொன்ன ‘நாங்க’

அந்தக் காலத்தில் நாயும் நரியும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசும். இரண்டும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. பக்கத்துப் பக்கத்துக் குழிகளில்தான் குடியிருந்தன.

ஓர் ஐப்பசி மாதம் விடாத மழை. குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. நாய்க்கு இரண்டு குட்டி, நரிக்கு மூன்று. நரிக்குட்டிகள் கண் திறந்தே நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நனைந்தால் பிழைக்காது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டும் வெள்ளைத்தாயின் குடிசைக்கு வந்தன.

வெள்ளைத்தாய் ஆடு மேய்க்கிறவள், தனி ஆள். கூரை ஒழுகுமோ, சுவர் இடியுமோ, ஆட்டுக்குச் சளி பிடிக்குமோ என்று ஏதாவது ஒரு கவலை அவளுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

“மழை விடுற வரைக்கும் இருங்க. அப்புறம் பார்க்கலாம்” என்றாள்.

அந்த ‘அப்புறம்’ எப்போதோ என்று நரி யோசித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணோம். வெள்ளைத்தாய் கையைப் பிசைந்தாள். நாயும் நரியும் தேடப் போயின. நாய் ஓடைக்கரையோடு நின்றுவிட்டது. நரிதான் வெள்ளத்தில் இறங்கி, அக்கரை முள்ளில் மாட்டிக் கிடந்த குட்டியைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்தது.

வாசலில் அதை இறக்கிவிட்டு, “உங்க குட்டி கிடைச்சிருச்சு. நாங்க கொண்டுவந்துட்டோம்” என்றது நரி.

நாய் ஈரத்தை உதறிக்கொண்டு வெள்ளைத்தாயிடம், “நம்ம குட்டி பிழைச்சுக்கிச்சு அக்கா. இனிமே நாம கவனமா இருக்கணும்” என்றது.

குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் நரியை நிமிர்ந்து பார்த்தாள். “அது என்ன, உங்க குட்டி, நாங்க? மூணு நாளா ஒரே சட்டிக் கஞ்சியைக் குடிக்கிறோம். நான் என்ன யாரோவா?”

நரி அத்தோடு விட்டிருக்கலாம். “நான் தப்பா சொல்லலையே. குட்டி உங்களுது. தேடிப் போனது நாங்க ரெண்டு பேரு. வராதவங்களையும் சேர்த்து ‘நாம’ன்னு எப்படிச் சொல்றது?”

“அவ சொன்னாளே.”

“அவ ஓடையையே தாண்டல. அவளுக்குப் பேசத் தெரியல.”

“பேசத் தெரியாதவளே இங்க இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் வெள்ளைத்தாய்.

நரி சொன்னது சரிதான். சரி என்று தெரிந்ததால்தான் அதற்கு ரோஷம் அதிகமாக வந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, கொட்டுகிற மழையில் மேட்டுக் காட்டுக்குக் கொண்டுபோனது. முதல் குட்டி போனபோது வெள்ளைத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது போனபோது அடுப்பைக் கிளறினாள். மூன்றாவது போனபோது தாங்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிவந்து, “ஏய், இதுவும் நம்ம வீடுதான், வா” என்று கூப்பிட்டாள்.

நரி திரும்பிப் பார்த்தது. வாயில் குட்டி இருந்ததால் அதனால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போல என்று நினைத்து அவள் படலைச் சாத்திவிட்டாள்.

நாய் வாசலில் படுப்பதும், நரி காட்டோரத்தில் நின்று ஊளையிடுவதும் அன்று முதல்தான். வீடு தன்னுடையது என்று நன்றாகத் தெரிந்தும், எதிரே நிற்பவரிடம் ‘எங்க வீடு’ என்னாமல் ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று நாம் கூப்பிடுவதும் அன்று முதல்தான்.