டாக்டரம்மா போடச் சொன்ன உறை

வெள்ளாங்குடி பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர்கள் மூன்று பேர்: ஆவுடையப்பன், பிச்சையா, சொரிமுத்து. மூவர் மூளையையும் சேர்த்துப் பிசைந்தாலும் ஒரு கொழுக்கட்டை தேறாது. மூத்தவன் ஆவுடையப்பனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நிலையான உத்தியோகம் என்று தெரிந்த பிறகுதான் பெண் வீட்டில் தலையாட்டியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் தமிழ்க்கோதைக்குத் தூய தமிழில்தான் பேச வரும். ஒருநாள் சாயங்காலம் சொன்னார்: "நாளை சுகாதார அதிகாரி வருகிறார். வாயருகே போகும் கருவி, கை படும் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் உறை போட்டு வையுங்கள். இல்லையேல் மருத்துவமனையை மூடிவிடுவார்."

ஆவுடையப்பன் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். ஆஸ்பத்திரி போனால் உத்தியோகம் போச்சு. உத்தியோகம் போனால் பெண்ணும் போச்சு.

"உறைன்னா என்னல?" என்றான் பிச்சையா.

"பாலுக்கு ஊத்துவோம்லா, அதான்," என்றான் சொரிமுத்து.

"பல்லு ஆஸ்பத்திரில பாலு எதுக்குல?"

ஆவுடையப்பன் அதட்டினான். "பால்பல்லுன்னு நீ கேள்விப்பட்டதே இல்லையால?"

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எட்டு லிட்டர் பாலைக் காய்ச்சி ஆற்றினார்கள். பல் குடையும் மெஷின், எச்சில் உறிஞ்சும் குழாய், சின்னக் கண்ணாடி, கழட்டிய விளக்குக் கைப்பிடி எல்லாவற்றையும் அண்டாவில் இறக்கி, ஒரு கரண்டி மோர் விட்டு மூடினார்கள்.

காலையில் டாக்டரம்மா கருவியைத் தேடி அண்டாவுக்குள் கையை விட்டார். முழங்கை வரை இறங்கியது.

"கெட்டியா விழுந்திருக்கும்மா. துளி புளிப்பு இல்ல," என்றான் ஆவுடையப்பன் பெருமையாக.

டாக்டரம்மாவின் தூய தமிழ் அத்தோடு சரி. "கவர்யா, கவர்! ஒருத்தர்கிட்ட இருக்கிற கிருமி இன்னொருத்தருக்குப் போகக் கூடாதுன்னு போடுவாங்களே, அந்தக் கவர்! எல்லாத்தையும் கழுவிட்டுக் கவர் போடுங்க!" என்று கத்திவிட்டுத் தயிரான புடவையை மாற்ற வீட்டுக்கு ஓடினார்.

மறுபடி ஆலோசனை.

"கவரே ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போறதுக்குத்தான. போகக் கூடாதுங்காங்களே?" என்றான் பிச்சையா.

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தான். "அட்ரஸ் எழுதாம விட்டா எப்படில போவும்?"

தன் புத்தியை நினைத்து அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

அவன் பையில், தபாலில் அனுப்ப வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளும் ஸ்டாம்புகளும் இருந்தன. மனசு கேட்கவில்லைதான். ஆனால் கட்டிக்கப்போகிற பெண்ணுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? பத்திரிகைகளை உருவிப் போட்டுவிட்டு, மஞ்சள் தடவிய கவர்களில் கருவிகளைத் திணித்தான். மூன்று பேரும் மாற்றி மாற்றி நாக்கால் நக்கிச் சுத்தபத்தமாக ஒட்டினார்கள்.

பத்து மணிக்கு அதிகாரி பியூனோடு வந்தார். ஆவுடையப்பன் பவ்யமாக ஒரு கவரை நீட்டினான்.

"நான் கவர் வாங்குற ஆள் இல்ல!" என்று சீறியவர், கனத்தைப் பார்த்துப் பிரித்தார். உள்ளே பல் குடையும் மெஷின். ஓரத்தில் கொஞ்சம் தயிர்.

"இது எதுக்குய்யா?"

"கிருமி போகாம இருக்குறதுக்கய்யா. நாங்க மூணு பேரும் எச்சித் தொட்டு ஒட்டுனது."

அதிகாரி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார். "அரக்கை உருக்கி சீல் வைப்பா," என்றார் பியூனிடம்.

திரும்பி வந்த டாக்டரம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆவுடையப்பனுக்கோ அப்போதுதான் போன உயிர் வந்தது. தபாலாபீசில்கூட எல்லாம் சரியாக இருக்கிற கவருக்குத்தானே சீல் வைப்பார்கள்? உத்தியோகமும் தப்பித்தது, பெண்ணும் தப்பித்தாள்.

திடீரென்று பதறிப்போய்ப் பியூன் கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, பொறுங்க!"

பையிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து, நாக்கில் நனைத்து, பூட்டின் மேல் அழுத்தி ஒட்டினான்.

"ஸ்டாம்பு ஒட்டாம சீல் வைக்கக் கூடாதுல்லா. இப்ப வைங்க."