பத்தடி முன்னே

ஒரு காட்டில் குரங்குகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் கால்பந்துப் போட்டி. கோடையில் ஒரே ஒரு குட்டைதான் வற்றாமல் இருந்தது. ஜெயித்த கூட்டம் தினமும் முதலில் தண்ணீர் குடிக்கலாம். தோற்ற கூட்டத்துக்குக் கலங்கிய மிச்சம்தான்.

நடுவராக இருக்க யாரும் முன்வரவில்லை. போன வருடம் முயல் நடுவராக இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் இருபது பேர் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். பாதி ஆட்டத்தில் வளைக்குள் போன முயல் அதன்பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

கடைசியில் நாரை ஒப்புக்கொண்டது. மலைக்கு அப்பால் காட்டெருமைகள் ரக்பி ஆடுவதை அது பார்த்திருக்கிறது. அங்கே ஒன்றையொன்று முட்டித் தள்ளினாலும், தலைவரைத் தவிர யாரும் நடுவரிடம் வாய் திறப்பதில்லையாம்.

"இங்கேயும் அதே விதிதான். அணித் தலைவர் மட்டும் என்னிடம் பேசலாம். வேறு யார் முணுமுணுத்தாலும் பந்து அவர்கள் கோலை நோக்கிப் பத்தடி முன்னே போகும்" என்றது நாரை. இரண்டு அணிகளும் தலையாட்டின.

ஆட்டம் முடியும் நேரம் வந்தும் யாரும் கோல் போடவில்லை. குட்டையோரத்துச் சேற்று மைதானத்தில், குரங்குகளின் கோலுக்கு அறுபதடி தூரத்தில், பந்து சடையன் என்ற குரங்கின் தோளில் பட்டது. கையில் பட்டதாக நினைத்த நாரை, பன்றிகளுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டது.

குரங்குகளின் தலைவி மருதி என்ற மந்தி. அது நிதானமாக நாரையிடம் போனது.

"ஐயா, பந்து தோளில்தான் பட்டது. சேற்றுத் தடம் இருக்கிறது. நீங்களே பாருங்கள்."

நாரை பார்ப்பதற்காகக் கழுத்தை வளைத்தது. அதற்குள் சடையன் குறுக்கே பாய்ந்தது.

"கண் தெரியாத உனக்கு எதற்கு விசில்?"

நாரை பந்தைப் பத்தடி நகர்த்தியது. இது அநியாயம் என்று இன்னொரு குரங்கு கத்தியது. இன்னும் பத்தடி. அதை ஆதரித்து மூன்று குரங்குகள் ஓடிவந்தன. முப்பதடி. சடையன் ஆத்திரத்தில் தரையில் விழுந்து புரண்டது.

நாரை மறுபடி குனிந்து பார்த்தபோது, சடையனுக்குத் தலையிலிருந்து வால்வரை சேறு. எது பந்தின் தடம் என்று தெரியவில்லை.

பந்து இப்போது கோலுக்குப் பத்தடியில் இருந்தது. ஒரு பன்றி மூக்கால் தள்ளியது. கோல்.

மறுநாள் பன்றிகள் குடித்து, குளித்துப் போன பிறகு குரங்குகள் குட்டைக்கு வந்தன. நான் சொன்னது நியாயம்தானே என்று சடையன் கேட்டது.

"நியாயம்தான்" என்ற மருதி, குனிந்து சேற்றுத் தண்ணீரைக் குடித்தது.

நியாயம் நம் பக்கமே இருந்தாலும், ஆளாளுக்குக் கத்தினால் அது யார் காதிலும் விழாது.