தன் ஸ்க்ரூவை முறுக்காத கருவி

ஸ்க்ரூவைப் பாதி முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போன மகராசா, எல்லாம் உன்னால் வந்த வினை!

கத்தி, குறடு, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் பாக்கெட் கருவி செய்கிற கோயம்புத்தூர்ப் பட்டறை அது. சரக்கைச் சோதிக்கிற அமராவதி அன்று முத்திரை குத்த மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாமே லொடலொடன்னு ஆடுதுங்க மொதலாளி."

முதலாளி தணிகாசலத்துக்கு மூக்கு சிவந்தது. "எந்த ஸ்க்ரூவையும் முறுக்கும் அம்மணி இது! முறுக்காத ஸ்க்ரூ ஒண்ணைக் காட்டு, மொத்தச் சரக்கையும் மறுபடி செய்யச் சொல்றேன். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"இதோ இருக்குதுங்களே!" என்று அந்தக் கருவியின் சொந்த ஸ்க்ரூவையே காட்டினாள் அவள்.

முதலாளி கருவியை வளைத்தார், மடக்கினார், தானும் கூடவே சுற்றினார். ஸ்க்ரூடிரைவர் அதற்கு மட்டும் எட்டவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு கருவியை எடுத்து முறுக்கினார். அதன் ஸ்க்ரூடிரைவர் கழன்று மேசைமேல் இருந்த அவருடைய டீ டம்ளருக்குள் விழுந்தது. மூன்றாவதைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆடிய குறடு மீசையைக் கவ்விக்கொண்டது.

"அசையாதீங்க," என்ற அமராவதி ஒரு ரூபாய்க் காசால் ஸ்க்ரூவைக் கழற்றி மீசையை மீட்டாள்.

"மொத்தத்தையும் மறுபடி முறுக்கச் சொல்லு! நீயே நின்னு பாரு!" என்று அலறினார் முதலாளி.

கேட்டதா மகராசா? டீ குடித்தது போதும். இனியாவது வந்து மீதிப் பாதியை முறுக்கு!