பக்கத்து அட்டை

தூத்துக்குடிப் பக்கம் ஒரு ரைபிள் கிளப். அங்கே குரு பிலோமினா. வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். சீடர் லிங்கதுரை, ஹார்டுவேர் கடைக்காரர், பேரன் பேத்தி எடுத்தவர். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'மாஸ்டர்' என்பார். ஒரு பொம்பளைப் பிள்ளையைப் போய் மாஸ்டர் என்பதா என்று லிங்கதுரை கொஞ்ச நாள் முழித்தார். அப்புறம் அவர் சுடுவதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

சுடுவது கேலரி ரைபிள். கிட்டத்தில் வரிசையாக அட்டைகள் நிற்கும். திடீரென்று முகம் காட்டும், மூச்சு விடுவதற்குள் திரும்பிக்கொள்ளும். அதற்குள் சுட வேண்டும். பிலோமினாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்டையைப் போய்ப் பார்க்கும் முன்பே, குண்டு எங்கே பட்டது என்று சுட்டவர் வாயால் சொல்லிவிட வேண்டும்.

"கண்ணு அப்புறம் பார்க்கட்டும் அண்ணாச்சி. விரலுக்கு முதல்லயே தெரியும்" என்பார்.

லிங்கதுரை அதில் கெட்டி. சும்மா சொல்லக் கூடாது, சொன்ன இடத்தில் ஓட்டை இருக்கும்.

மாசி மாதப் போட்டியில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் சேக் மைதீன். டெய்லர். பள்ளிக்கூடத்துச் சிநேகிதம், வாடா போடாதான்.

கடைசிச் சுற்றில் லிங்கதுரைக்கு விரல் பிந்திவிட்டது. குண்டு கிளம்பும்போது அட்டை திரும்பியாயிற்று. குண்டு பின்னால் இருந்த மண்மேட்டில் போய்ச் சொருகியது. அந்தக் கணமே அவருக்குத் தெரியும்.

ஆனால் எண்ணிப் பார்த்தபோது அவர் அட்டையில் ஓட்டை குறையவில்லை! அவர் சுடாத ஒன்று நட்டநடுவில், பத்து மார்க் வட்டத்தில் இருந்தது. சேக்கின் அட்டையில்தான் ஒன்று குறைந்தது. அவசரத்தில் மனுஷன் பக்கத்து அட்டையைச் சுட்டிருக்கிறார். இந்த விளையாட்டில் நடக்காததா? சொல்லியிருந்தால் சேக் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அந்தக் குண்டுக்கு அவருக்கும் மார்க் கிடையாது, இவருக்கும் கிடையாது. கோப்பை வேறு யாருக்கோ போயிருக்கும். அவ்வளவுதான்.

"கடைசிக் குண்டு எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டார் பிலோமினா.

"நடுவுல, மாஸ்டர்."

"சரி" என்றார் பிலோமினா.

கோப்பை வந்தது. சேக்தான் முதல் ஆளாக ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"நீ பத்து. நான் பாரு, அட்டையிலயே படலை. நம்ம ஆட்டம் முடிஞ்சுபோச்சுடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சேக் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அப்படியென்றால் கைதான் போய்விட்டது என்று சேக்கே முடிவு கட்டிக்கொண்டார். ரைபிளைக் கிளப்பில் ஒப்படைத்தார். அந்தத் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போனார். கடையில் துணி வெட்டுகிற வேலையைக்கூட இன்னொருவரிடம் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு லிங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை. குருவிடம் வந்தார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"நம்பிக்கை விட்டுப்போன ஒருத்தனுக்கு அதை எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

"யாருக்கு?"

"நம்ம சேக்குக்குத்தான். நீ சூரன்டா, வாடான்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். போடா, உனக்கு வேற சோலி இல்லன்னுட்டான்."

பிலோமினா ரைபிளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"சுடுங்க."

சுட்டார்.

"எங்க?"

"ஒன்பது. வலது பக்கம்."

"இன்னொண்ணு."

"எட்டு. கீழ."

"இன்னொண்ணு."

"பத்து."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். அச்சு அசலாக அப்படியே இருந்தது.

"அன்னைக்குக் கடைசிக் குண்டு?"

லிங்கதுரை முகத்தில் ஈயாடவில்லை.

"மண்ணுல, மாஸ்டர்."

"தெரியும்."

"எப்படி?"

"பைனாகுலரை வெச்சுக்கிட்டு உங்க பின்னாலதானே நின்னேன்."

"அப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" லிங்கதுரைக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். கோப்பை குடுக்கிறதுக்குள்ள சொல்லிருவார்னு நினைச்சேன். சரி, வீட்டுக்குப் போய் மனசு கேட்காம திரும்பி வருவார்னு நினைச்சேன். சேக் அண்ணாச்சி ரைபிளைக் கொண்டாந்து வெச்சப்போ நானாவது சொல்லியிருக்கணும். உங்களை நல்லவராவே பார்த்துக்கிட்டு இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. அதுக்கு அந்த மனுஷனைப் பலி குடுத்துட்டேன்."

லிங்கதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பப் போய்ச் சொன்னா, என் மூஞ்சியில முழிப்பானா மாஸ்டர்?"

"முழிக்க மாட்டார்னே வெச்சுக்கோங்க."

"அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"அந்த மனுஷன் அன்னைக்குச் சுட்டது பத்து, அண்ணாச்சி. அது அவருக்கு இன்னும் தெரியாது."