செசிலி சொல்லாம விட்ட பாதி

ஒரு ஊர்ல ஒரு புருசன் பெண்டாட்டி இருந்தாங்க. கடற்கரை ஊரு. புருசன் பேரு இஞ்ஞாசி, கட்டுமரத்துல மீனுக்குப் போறவர். பெண்டாட்டி பேரு செசிலி. பெரியம்மா கதை சொல்லச் சொல்ல நீ ம் சொல்லு, பிரகாசி.

ம்.

தினம் சாயந்தரம் மாதா படத்துக்கு முன்னால ரெண்டு பேரும் ஜெபமாலை சொல்லுவாங்க. முதல் பாதி அவர், பதில் பாதி அவ. அவர் ‘அருள் நிறைந்த மரியாயே’ன்னு தொடங்கினா, கிணத்துக் கப்பியில வாளி இறங்குற மாதிரி கடகடகடன்னு ஓடும். ‘சேசு’ன்னு யேசு பேரு வர்ற இடத்துலதான் ஒரு மூச்சு விடுவார்.

“மாதா என்ன பஸ்சுக்கா நிக்கிறாங்க? மெதுவாச் சொல்லுங்க.”

“நீ மெதுவாச் சொல்லு. ரெண்டுக்கும் சரியாப் போகும்.”

அப்புறம் ஒருநாள் அவர் வலையில நல்ல சீலா மீன் விழுந்துச்சு. அதை நேரா அக்கா சலேத்தம்மா வீட்டுல குடுத்துட்டு, கையில நாலு பொடிச் சாளை மீனோட வந்து நின்னார்.

“உங்க அக்காவுக்குச் சீலா, எனக்குச் சாளையா?”

“அக்காவுக்கு மேலுக்கு முடியல, செசிலி.”

“எனக்கு மட்டும் முடியுதாக்கும்!”

அன்னைக்கு ஜெபத்துல அவர் முதல் பாதியைச் சொன்னார். அவ வாயைத் திறக்கல. மறுபடி சொன்னார். உம்னு இருந்தா. மூணாவது தடவையும் சொல்லிப் பார்த்துட்டு அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. “சரி, நாளைக்குச் சேர்த்துச் சொல்லு”ன்னு படுத்துட்டார்.

விடியுமுன்ன கடலுக்குப் போனார். மதியம் காத்து ஹோன்னு கிளம்புச்சு. மத்த மரமெல்லாம் கரைக்கு வந்துச்சு, அவர் மரம் வரல. உடம்பும் கிடைக்கல. கோயில்ல துக்க மணி, டங்... டங்...

ம்.

அந்தப் பதில் பாதியில என்ன வருது, உனக்குத் தெரியுமே. ‘இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்.’ அவ சொல்லாம விட்டது அதைத்தான்.

அப்புறம் அவ ரெண்டு பாதியையும் தானே சொல்லிப் பார்த்தா. அவர் பாதி அவ நாக்குல நொண்டி நொண்டி நடந்துச்சு. நிறுத்திட்டா.

அப்புறம் கோயிலுக்குப் போய், சாமியார்கிட்ட தன் குத்தத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினா.

“ஆண்டவர் மன்னிச்சிட்டார்மா.”

“அவர் மன்னிப்பார் சாமி. ஆனா பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தது அவர் இல்லையே.”

சாமியார் அவ நெத்தியில சிலுவை போட்டு அனுப்பினார்.

அப்போ ஒருநாள் சாயந்தரம் கதவு டக் டக். திறந்தா சலேத்தம்மா.

“இப்ப எதுக்கு வந்தீங்க, மதினி?”

“அந்த மீன் எனக்கு இன்னும் தொண்டையிலேயே நிக்குது செசிலி. நான் கேக்கல. தம்பிதான் கொண்டாந்தான்.”

செசிலி கதவை விட்டு விலகினா. சலேத்தம்மா தானே உள்ள வந்து, மாதா படத்துக்கு முன்னால முட்டி போட்டு, ‘அருள் நிறைந்த மரியாயே’ன்னு தொடங்கினா. கடகடகடன்னு! ‘சேசு’வுல அதே ஒரு மூச்சு! அக்காவும் தம்பியும் ஒரே தாய் வாயிலேர்ந்து படிச்ச ஜெபம்ல?

செசிலியும் பக்கத்துல முட்டி போட்டா. ‘அர்ச்சிஷ்ட மரியாயே...’ன்னு தன் பாதியை மெதுவா, ‘மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்’ வரைக்கும் சொல்லி முடிச்சா.

“வருத்தம் போயிருச்சா, பெரியம்மா?”

போகல, கண்ணு. அன்னைக்குச் சொல்ல வேண்டியதை இன்னைக்குச் சொன்னா, அன்னைக்குச் சொன்னதா ஆயிருமா? ஆனா தினம் சாயந்தரம் சலேத்தம்மா வருவா, தொடங்குவா. செசிலி பதில் சொல்லுவா. ஜெபமாலையோட கடைசி மணியில மட்டும் அந்தப் பதிலை ரெண்டு தடவை சொல்லுவா. ஒண்ணு இன்னைக்கு. ஒண்ணு அன்னைக்கு.

பிரகாசி?

ம் காணோம். சரி, உன் பாதியையும் நானே சொல்லிக்கிறேன். ம்.

கதை கரையேறிருச்சு, தூங்கு.