காற்றைப் பற்றிய பாடம்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், பால்குடி மறந்த குட்டிகளுக்காக ஒரு வாரம் பள்ளிக்கூடம் நடந்தது. நாவல் மரத்தடிதான் வகுப்பறை. கடமான்தான் ஆசிரியை. அந்த வாரம் முடிந்ததும் குட்டிகள் துணையில்லாமல் ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும்.

முதல் வரிசையில் தாரகை என்ற புள்ளிமான் குட்டி உட்காரும். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க அதற்குக் கொள்ளை ஆசை. ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்கும் முன்பே, "புரிந்தது டீச்சர்!" என்று தலையை ஆட்டிவிடும்.

கடைசி வரிசையில் மொட்டு என்ற முயல்குட்டி. அது ஒரு சந்தேகப் பிராணி.

"டீச்சர், புலி வந்தால் குரங்கு கத்தும் என்றீர்களே, குரங்குக்குத் தொண்டை கட்டியிருந்தால்?" என்று திங்கட்கிழமையே கேட்டது. வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது தாரகைதான்.

புதன்கிழமை காற்றைப் பற்றிய பாடம்.

"புதர் வழியே போகும்போது காற்றைப் பார்த்துப் போக வேண்டும். புரிந்ததா?" என்றது கடமான்.

தாரகைக்குப் புரியவில்லை. காற்றை எப்படிப் பார்ப்பது? ஆனாலும் பழக்கதோஷம். "புரிந்தது டீச்சர்!"

மொட்டு மெல்ல எழுந்தது. "டீச்சர், காற்றை..."

"இவனுக்குக் காற்றுகூடப் புரியாதாம்!" என்றது தாரகை. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. மொட்டு காதுகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கடமானும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பரீட்சை. இரண்டிரண்டு பேராக ஓடைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

"மொட்டு, நீ தாரகையோடு போ. அவள் சொல்வதைக் கேள்" என்றது கடமான்.

புதர்கள் நெருங்கி வந்த இடத்தில் மொட்டு நின்றது.

"தாரகை, காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கிறதே. போகலாமா?"

தாரகைக்குத் தெரியவில்லை. 'எனக்கும் தெரியாது, திரும்பிப் போய்க் கேட்போம்' என்று சொல்லியிருக்கலாம். அங்கே சிரிப்பதற்கு ஒருவரும் இல்லை. ஆனால் அந்தச் சொல் அதன் வாயில் வரவே இல்லை.

"முதுகில் அடித்தால் நல்லது. நம்மைத் தள்ளிவிடும், வேகமாக ஓடலாம்."

"டீச்சர் அப்படியா சொன்னார்?"

"பின்னே? நீ எங்கே கவனித்தாய்!"

மொட்டு நம்பியது. "சரி, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு முன்னால் துள்ளி ஓடியது.

சூரைமுள் புதருக்குள் படுத்திருந்த குள்ளநரி அதற்கு முன்பே தலையைத் தூக்கியிருந்தது. காற்று கொண்டுவந்த வாடையை முகர்ந்து, எந்தப் பக்கமிருந்து இரை வருகிறது என்று அறிந்து, வழியோரம் பதுங்கிக்கொண்டது. மொட்டு கிட்டே வந்ததும் ஒரே பாய்ச்சல். ஒரு கீச்சுக் குரல் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

தாரகை நாலுகால் பாய்ச்சலில் நாவல் மரத்தடிக்கு வந்து விழுந்தது.

"மொட்டு எங்கே?" என்றது கடமான்.

தாரகை நடந்ததைச் சொன்னது. சொல்லிவிட்டு, "எனக்குப் புதன்கிழமையே புரியவில்லை டீச்சர்" என்று அழுதது.

கடமான் தாழ்ந்த குரலில் சொன்னது: "காற்று எதிரே வந்தால், முன்னால் இருப்பவனின் வாடை நமக்கு வரும். முதுகில் அடித்தால், நம் வாடை அவனுக்குப் போய்விடும். முதுகில் அடித்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஒரே ஒருவர் வாய் திறந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்க எழுந்தவனையும் நான் உட்கார விட்டுவிட்டேன்."

அப்போது, பரீட்சை முடிந்திருக்கும் என்று தாய் முயல் வந்து சேர்ந்தது. அதன் வாயில் மகனுக்காகப் பறித்த இளம் அருகம்புல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் தாரகையிடம் கேட்டது:

"உன்னோடுதானே போனான், கண்ணு? பின்னால் வருகிறானா?"

நீதி: புரியாததைப் புரிந்தது என்று சொல்லாதே, உன் பொய்க்கு உன்னை நம்பியவர் பலியாவார்.